பாலர் பள்ளியின் பன்னிரண்டு செடிகளும் எங்கள் வீட்டு வெளிச்சமும்

அந்தச் செடிகள் வெளிச்சம் கூடியதால் கரைந்தனவா, வெளிச்சம் இல்லாமல் கரைந்தனவா? ஒரு மாதமாக இதைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். என் கணவரைக் கேட்டால் வெளிச்சம் என்பார். நான் புது விளக்கு வாங்கியதில் அவருக்கு உடன்பாடில்லை. என் நாத்தனாரைக் கேட்டால் இருட்டு என்பார். தொட்டியை நான் கறுப்புப் பையால் மூடியது அவருக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இரண்டும் சரியாகத்தான் படுகிறது. பள்ளியின் கடைசிக் கட்டமான ஆறாம் படிவத்தில் உயிரியல் படித்து, ஒளிச்சேர்க்கையைப் படம் வரைந்து பாகம் குறித்து நல்ல புள்ளி வாங்கியவள் நான். ஒரு தண்ணீர்த் தொட்டிச் செடிக்கு எத்தனை மணி நேரம் விளக்கு போட வேண்டும் என்பது இன்னும் எனக்குத் தெரியவில்லை.

என் மகளுக்கு ஆறு வயது. ஜெலுத்தோங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டிலிருந்து நடந்து போகும் தூரத்தில் உள்ள பாலர் பள்ளியில் படிக்கிறாள். அவள் வகுப்பில் ஒன்றரை அடி நீளமுள்ள கண்ணாடித் தொட்டி ஒன்று இருந்தது. மீன் கிடையாது, தண்ணீருக்குள் செடி மட்டும். பன்னிரண்டு பிள்ளைகள், பன்னிரண்டு செடிகள். ஆண்டுத் தொடக்கத்தில் ஒவ்வொரு பிள்ளையும் தன் கையாலேயே பொடிக்கல்லைத் தோண்டி ஒரு செடியை நட்டது. எல்லாம் ஒரே வகைதான், விரல் நீளத்தில் பழுப்பும் பச்சையும் கலந்த இலைகள். எது யாருடையது என்று தெரிவதற்காக டீச்சர் ஒவ்வொரு செடியின் அடியிலும் ஒரு நிறக் கம்பளி நூலைத் தளர்வாகக் கட்டியிருந்தார். என் மகளுடையது ஊதா. பள்ளி ஆண்டு முடியும் கடைசி நாளில் அவரவர் செடியை ஒரு கண்ணாடிப் போத்தலில் போட்டு வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்று பிள்ளைகளுக்கு வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த ஆண்டு பன்னிரண்டு பேரும் வெவ்வேறு பள்ளிகளில் முதலாம் ஆண்டு சேர்ந்துவிடுவார்கள். மார்ச் மாதத்திலிருந்தே என் மகள் ஒரு காலி ஜாம் போத்தலைக் கழுவித் தன் அலமாரியில் வைத்திருக்கிறாள்.

தீபாவளியை ஒட்டி வகுப்பறைக்குச் சாயம் பூச முடிவு செய்தார்கள். தொட்டி இரண்டு வாரம் யார் வீட்டிலாவது இருக்க வேண்டும். டீச்சர் பெற்றோர் வாட்ஸ்அப் குழுவில் கேட்டார். எல்லாரும் படித்துவிட்டார்கள், யாரும் பதில் போடவில்லை. அந்த மாதிரி மௌனத்தை என்னால் தாங்க முடியாது. யாரோ என்னைத்தான் பார்த்துக்கொண்டிருப்பதுபோல இருக்கும். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு, "நாங்கள் வைத்துக்கொள்கிறோம் டீச்சர்" என்று எழுதினேன். உடனே பதினோரு கைகூப்பல்கள் வந்தன.

தொட்டியை எடுக்கப் போனபோது டீச்சரிடம் மூன்று முறை கேட்டேன், விளக்கு எத்தனை மணி நேரம் என்று.

"பிள்ளைங்க வந்ததும் போடுவோம், வீட்டுக்குப் போறப்ப அடைச்சிருவோம். அவ்வளவுதான் லா. ரொம்ப யோசிக்காதீங்க."

அப்படியென்றால் நாலு மணி நேரம். ஆனால் வகுப்பறையில் சுவர் அகலத்துக்கு ஜன்னல் இருந்தது. எங்கள் வரவேற்பறை காலையில் மங்கலாகவும் மாலை நாலு மணிக்குமேல் கண் கூசும்படியும் இருக்கும், பால்கனி மேற்குப் பார்த்தது. வகுப்பின் நாலு மணி நேரமும் எங்கள் வீட்டின் நாலு மணி நேரமும் ஒன்றாகுமா? முதல் நாள் தொட்டியைத் தொலைக்காட்சிக்குப் பக்கத்தில் வைத்தேன். இரண்டாம் நாள் இருட்டாகத் தெரிந்ததால் பால்கனி ஓரத்துச் செருப்பு அலமாரிமேல் வைத்தேன். அன்று மாலை வெயில் நேராக விழுந்து தண்ணீர் வெதுவெதுப்பாகிவிட்டது. மூன்றாம் நாள் மறுபடி பழைய இடம். ஒவ்வொரு முறையும் பாதித் தண்ணீரை வாளியில் இறைத்துவிட்டுத்தான் நகர்த்தினேன்.

பள்ளியின் விளக்கும் பழசு, மஞ்சளாக எரிந்தது. இணையத்தில் தேடினால் ஒருவர் ஆறு மணி நேரம் என்கிறார், இன்னொருவர் பத்து. நேரம் முக்கியமில்லை, விளக்கின் சக்திதான் முக்கியம் என்கிறார் மூன்றாமவர். நான் ஆயர் ஈத்தாம் பக்கம் உள்ள ஓர் அலங்கார மீன் கடைக்குப் போய்ப் புது எல்இடி விளக்கு வாங்கி வந்தேன்.

"பள்ளிக்கூடத்து லைட்டு நல்லாத்தானே எரிஞ்சுச்சு?" என்றார் கணவர். அவருக்குப் புக்கிட் தெங்காவில் தொழிற்சாலை வேலை. தினமும் கடல் பாலம் கடந்து போய்வந்து களைத்திருப்பார்.

"செடிக்குப் போதாதுங்க."

"செடி சொன்னுச்சா?"

நாலு மணி நேரம் ஆறு ஆனது, ஆறு பத்து ஆனது. ஒரு தாளில் கட்டம் போட்டுக் குளிர்சாதனப் பெட்டியின்மேல் ஒட்டி, போட்ட நேரம் அடைத்த நேரம் எல்லாம் எழுதினேன். தினமும் காலையில் ஒரு படம் எடுத்துக் குழுவில் போட்டேன். புது விளக்கில் செடிகள் பளிச்சென்று இருந்தன. "எங்கள் செடிகள் தீபாவளிக்குத் தயாராகிவிட்டன போல" என்று ஒரு தாய் எழுதினார். எனக்கு அன்று முழுவதும் சந்தோஷமாக இருந்தது. நான் செய்த எதையாவது யாராவது நன்றாக இருக்கிறது என்று சொல்லிக் கொஞ்ச நாளாகியிருந்தது.

இரண்டாம் வாரத் தொடக்கத்தில் இலை ஓரங்களில் பச்சை முடிபோலப் பாசி தொங்கத் தொடங்கியது. கண்ணாடியும் பச்சையாகிவிட்டது. படம் எடுப்பதை நிறுத்திவிட்டு மறுபடி அதே கடைக்குப் போனேன். கடைக்காரி என் வயதுச் சீனப் பெண். எங்களுக்குள் மலாய்தான். அக்கா என்பதற்கு மலாயில் சொல்வதுபோல என்னை 'காக்' என்று கூப்பிடுவாள். கைப்பேசியில் படத்தைப் பார்த்துவிட்டு, "லைட்டு அதிகம், காக். மூணு நாள் முழு இருட்டுல வை. பையால மூடிடு. எட்டிக்கூடப் பார்க்காதே" என்றாள்.

அது திங்கட்கிழமை. புதன் தீபாவளி.

எண்ணிப் பார்த்தேன். திங்கள் மாலையிலிருந்து வியாழன் மாலை வரை. நடுவில் தீபாவளி வருகிறதே என்று கடையிலேயே கேட்டிருக்கலாம். கேட்கவில்லை, அவளுக்கு வேறு ஆட்கள் காத்திருந்தார்கள். வீட்டுக்கு வந்து பெரிய கறுப்புக் குப்பைப் பை இரண்டை வெட்டித் தொட்டியைச் சுற்றி ஒட்டினேன். ஒட்டி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோதே எனக்கு என்னவோபோல் இருந்தது. வாசலில் கலர் விளக்குகள் மாட்டியாகிவிட்டது, மேசையில் பலகாரப் போத்தல்கள், நடுவில் கறுப்பாக ஒரு மூட்டை.

செவ்வாய் மதியம் என் கணவரின் அக்கா சிம்பாங் அம்பாட்டிலிருந்து முறுக்கு அச்சும் கையுமாக வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே அதைப் பார்த்துவிட்டார்.

"என்னம்மா இது? குப்பையைக் கீழ கொண்டுபோய்ப் போட ஆளில்லையா?"

"செடித் தொட்டிக்கா. பாசி பிடிச்சிருச்சு. மூணு நாள் இருட்டுல வைக்கணுமாம்."

"ஊரு பூரா வெளக்கேத்துது, நீ வீட்டுக்குள்ள கறுப்பு கட்டிவெச்சிருக்க. நாளைக்கு வர்றவங்க இந்த வீட்டுல ஏதோ கெட்டது நடந்துபோச்சுன்னு பலகாரத்தத் தொடாம போயிருவாங்க லா."

"பாசி செத்துப்போகணும்க்கா, அதுக்குத்தான்…"

"பாசிக்கு ஒரு நாள் ஆயுசு கூடுனா என்ன? அதுவும் தீபாவளி கொண்டாடட்டும்."

கணவரைப் பார்த்தேன். அவர் மாவு பிசைந்துகொண்டிருந்தார், நிமிராமல், "முடிஞ்சதும் திரும்பக் கட்டிக்கலாம்" என்றார்.

"மூணு நாளும் சேர்ந்தாப்ல இருக்கணுங்க."

"செடி என்ன காலண்டரா பார்க்குது?"

அவர்கள்தான் எடுக்கச் சொன்னதுபோல எழுதிவிட்டேன். உண்மையில் யாரும் கட்டாயப்படுத்தவில்லை. நாத்தனார் முறுக்கு சுடப் போய்விட்டார், பையைக் கிழித்தது நான்தான். எனக்கும் பயம். நல்ல நாளில் வீட்டுக்குள் இருட்டை மூடிவைத்து, பிறகு பிள்ளைக்கு ஒரு காய்ச்சல் வந்தால் அதையும் நான்தான் தாங்க வேண்டும். சின்ன வயதிலிருந்து தீபாவளியன்று எந்த அறையிலும் விளக்கை அடைத்தது கிடையாது. ஆளில்லாத அறையிலும், சாமான் அறையிலும் எரியும். அது ஏன் என்று நான் யாரையும் கேட்டதில்லை.

புதன் விடியற்காலை எண்ணெய் தேய்த்துக் குளிக்க எழுந்ததும் வீட்டு விளக்குகளோடு தொட்டி விளக்கையும் போட்டேன். அன்று எங்கள் வீட்டில் திறந்த இல்லம், தெரிந்தவர்கள் யாரும் வந்து சாப்பிட்டுப் போகலாம். கணவரின் தொழிற்சாலை நண்பர்கள், மேல்மாடி மலாய்க் குடும்பம், எதிர்வீட்டுச் சீனத் தம்பதி என்று வந்துகொண்டே இருந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் தொட்டியைச் சுற்றித்தான் நின்றார்கள். கடைசி விருந்தாளி போகும்வரை அது எரிந்தது. கட்டத்தாளில் அன்றைய இடத்தைக் காலியாக விட்டேன், எழுதக் கூச்சமாக இருந்தது. பதினேழு மணி நேரத்துக்குமேல். மறுநாளும் சொந்தக்காரர்கள் வந்தார்கள், மறுநாளும் எரிந்தது. இன்றைக்குக் கட்டலாம், நாளைக்குக் கட்டலாம் என்று மடித்த பைகளைச் சமையலறையில் வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை காலை இலைகள் கண்ணாடிபோலத் தெரிந்தன. தொட்டால் கூழாகிக் கையோடு வந்தன. ஒன்று இரண்டு அல்ல, பன்னிரண்டும். தண்ணீரில் அழுகிய கீரை வாடை. என் மகள் அப்போது அப்பாவோடு நண்பர் வீட்டுக்குப் பலகாரம் கொடுக்கப் போயிருந்தாள். அவள் வருவதற்குள் எதையாவது செய்ய வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

"அழுகினத வீட்டுல வெச்சுக்கிட்டு நிக்காத. இன்னும் ஆளுங்க வருவாங்க" என்றார் நாத்தனார். முழங்கைவரை தண்ணீருக்குள் விட்டேன். ஒவ்வொன்றாகப் பிடுங்கினேன். இலை இல்லாத அடித்தண்டு, அதோடு வெள்ளையாகக் கொத்து வேர். அந்த வேர்கள் வரமாட்டேன் என்று கல்லைப் பிடித்துக்கொண்டிருந்தன. இழுத்துத்தான் எடுத்தேன். சிவப்பு நூல், மஞ்சள், வெள்ளை, பச்சை. நூல்களை அவிழ்த்து ஒரு கிண்ணத்தில் போட்டேன், மற்றதைப் பையில் போட்டேன். ஊதா நூல் கடைசியில் வந்தது. அதை மட்டும் இழுக்கவில்லை.

நாத்தனார் முறுக்கைக் கடித்தபடி பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒன் மவளோடது மட்டும் அழுகலையாக்கும்?"

கேலியாகத்தான் சொன்னார். நானும் சிரித்தேன். பிறகு எடுக்கலாம் என்று சொல்லிக் கையைக் கழுவிக்கொண்டேன். மாலையில் கணவர் குப்பைப் பையைக் கீழே கொண்டுபோய்ப் போட்டார்.

சனிக்கிழமை கடைக்குப் போனேன். அதே மாதிரி பதினோரு செடி வாங்கி நட்டுவிடலாம் என்றுதான் போனேன், உங்களிடம் அதை மறைக்க விரும்பவில்லை. கடைக்காரி மீன்களுக்கு இரை போட்டுக்கொண்டே நடந்ததையெல்லாம் கேட்டுவிட்டுச் சொன்னாள்.

"இந்தச் செடி அப்படித்தான், காக். இடம் மாத்தினா உருகும், லைட்டைக் கூட்டினா உருகும், குறைச்சா உருகும். இலைதான் போகும். வேர் சாகாது. தொடாம விட்டா ஒரு மாசத்துல புது இலை விடும்."

"வேரோட பிடுங்கிட்டேன்."

"எல்லாத்தையுமா?"

"பதினொண்ணு."

"மிச்சம் ஒண்ணு?"

"அது என் மகளோடது."

அவள் இரை டப்பாவை மூடினாள். வெளிச்சத்தாலா இருட்டாலா என்று கேட்டேன். "நான் எப்படிச் சொல்றது? நீதான் எல்லாத்தையும் செஞ்சிருக்கியே" என்றாள். புதுச் செடி தரவும் மறுத்துவிட்டாள். இப்போது இந்தத் தொட்டியில் நட்டால் அதுவும் உருகும், ஆறு மணி நேரம் விளக்கு போடு, கையை உள்ளே விடாதே, ஒரு மாதம் கழித்து வா என்றாள்.

வீட்டுக்கு வந்ததும் நேரே அடுக்குமாடியின் குப்பைக் கொட்டகைக்குப் போனேன். தரை கழுவி ஈரமாக இருந்தது. லோரி காலையிலேயே வந்து போய்விட்டதாகத் துப்புரவு செய்யும் அம்மாள் சொன்னார். "நகை ஏதும் போயிருச்சா?" என்று கேட்டார். செடி என்று சொல்ல வாய் வரவில்லை. ஆமாம் என்பதுபோலத் தலையை ஆட்டிவிட்டு மேலே வந்தேன்.

அதன் பிறகு நான் செய்ததைத்தான் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை. கிண்ணத்தில் இருந்த பதினோரு நூல்களையும் கழுவினேன். ஒவ்வொன்றையும் ஒரு சிறு கல்லில் கட்டி, பழைய படங்களைப் பார்த்து அதனதன் இடத்தில் வைத்தேன். யார் இடம் எது என்பது மறந்துவிடக்கூடாது என்றுதான் அப்போது எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

குழுவுக்கு நாலு முறை எழுதி அழித்து, ஐந்தாவதை அனுப்பினேன். "இலைகள் எல்லாம் கரைந்துவிட்டன. மிகவும் வருந்துகிறேன். இந்த வகைச் செடிக்கு வேரிலிருந்து புது இலை வரும் என்று கடையில் சொன்னார்கள்." பொய் என்று அதில் ஒன்றுமில்லை. மகளிடமும் அதையேதான் சொன்னேன். "வேர் இருக்கிறதே, கவலைப்படாதீர்கள்" என்று ஒருவர் எழுதினார். அதற்கு இதயம் போட்டார்கள். நானும் ஒன்று போட்டேன். இலை வந்ததும் தொட்டியைக் கொண்டுவந்தால் போதும் என்றார் டீச்சர்.

என் மகள் திங்கட்கிழமை பள்ளி விட்டு வந்து சொன்னாள்: "மா, எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன். உங்க செடி சாகல, வேரு கல்லுக்குள்ள தூங்குதுன்னு. மஞ்ச நூல் பொண்ணு அழுதுட்டே இருந்தா. நான் சொன்னதும் நிறுத்திட்டா."

அந்த நிமிடத்தில் சொல்லியிருக்க வேண்டும். அவளுக்குச் சோறு போட்டேன்.

இப்போது தினமும் பத்து மணிக்கு நான் விளக்கைப் போடுகிறேன், நாலு மணிக்கு அவள் அடைக்கிறாள். டைமர் வாங்கிவைத்திருக்கிறேன், ஆனாலும் இரண்டு பேரும் கையால்தான் போட்டு அடைக்கிறோம். மழைக்காலம். சில மதியங்களில் வானம் கறுத்து வீடே இருட்டாகிவிடும். அன்றைக்கு அரை மணி நேரம் கூட்டலாமா என்று கை பரபரக்கும். கூட்டுவதில்லை. கூட்டாததும் தவறோ என்று படுக்கும்வரை யோசிப்பேன். அடைப்பதற்கு முன் அவள் கண்ணாடியில் மூக்கை வைத்து ஒவ்வொரு நூலாகப் பார்த்து, அந்தப் பிள்ளையின் பெயரைச் சொல்லி, "இன்னும் தூங்குது" என்பாள். மறுநாள் வகுப்பில் அதைப் போய்ச் சொல்கிறாள். பிள்ளைகள் அவளை வரிசையில் நின்று கேட்கிறார்களாம்.

போன வியாழக்கிழமை ஊதா நூலுக்குள்ளிருந்து ஓர் இலை வந்திருந்தது. அரிசி அளவுதான், செம்பு நிறத்தில். முதலில் நான்தான் பார்த்தேன். ஒரு வினாடி அதைக் கிள்ளிவிடலாமா என்றுகூட நினைத்தேன். நான்கு மணிக்கு அவளும் பார்த்துவிட்டாள். துள்ளிக் குதிப்பாள் என்று நினைத்தேன். அவள் மற்ற பதினோரு நூல்களையும் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்:

"எனக்கு மட்டும் ஏன் மா முதல்ல வருது? நாளைக்கு இத சொல்லட்டா, வேணாமா? அவங்க பாவம் இல்ல?"

"கொஞ்ச நாள் பொறு" என்றேன். என் மகள் என் சொல் கேட்பவள். வகுப்பில் அவள் இன்னும் சொல்லவில்லை.

பள்ளி ஆண்டு முடிய ஐந்து வாரம் இருக்கிறது. இந்தச் செடி பக்கத்தில் குட்டி விடும் என்று படித்தேன், ஆனால் மெதுவாகத்தான் விடும் என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. தொட்டிச் செடி வளர்த்த அனுபவம் உள்ளவர்கள் இதைப் படித்தால் எனக்குச் சொல்லுங்கள்: ஒரே ஓர் இலை உள்ள செடிக்கு இப்போது ஆறு மணி நேரமே போதுமா, மெல்லக் கூட்டலாமா? ஐந்து வாரத்தில் அதிலிருந்து ஒரு குட்டியாவது வருமா? செடியைப் பற்றித் தெரியாதவர்கள், பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். நீங்கள் மற்றதைச் சொல்லுங்கள். அந்தக் கற்களுக்கு அடியில் ஒன்றுமில்லை என்பதை நான் முதலில் யாரிடம் சொல்ல வேண்டும்? டீச்சரிடமா, பதினோரு தாய்மார்களிடமா, அல்லது பதினோரு பிள்ளைகளுக்கும் நம்பிக்கை சொல்லிவிட்டு வந்திருக்கும் என் மகளிடமா? அவளிடம் என்றால், ஆறு வயதுப் பிள்ளைக்கு எந்த வார்த்தைகளில் சொல்வது? எழுதி அனுப்புங்கள். கடுமையாக இருந்தாலும் பரவாயில்லை.